அமானா ராயாவா, லேண்ட் ஆபீஸா, லோயரா? அப்பா விட்டுப்போன சொத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாசலில் போட்ட கூடாரத்தையும் பிரித்துக்கொண்டு போன பிறகுதான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த பிஸ்கட் டின் இறங்கும். உள்ளே வங்கிப் புத்தகம், வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), கார் கார்டு, காப்புறுதிப் பத்திரம், என்றைக்கோ கட்டிய சுக்காய் பிந்து (வீட்டு வரி) ரசீது. அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மாமா சொல்வார்: "அமானா ராயாவுக்குப் போங்க, கவர்மென்ட் ஆபீஸ்தானே, காசு கேக்கமாட்டான்." சித்தப்பா சொல்வார்: "எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தர் இருக்காரு." லேண்ட் ஆபீஸ் என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார்.

எங்கள் சொந்தத்தில் மூன்று குடும்பங்களுக்கு இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பாரம் நிரப்பப் பொறுமை உள்ளவன், அவ்வளவே. மூன்று வீட்டிலும் முதலில் யோசித்த வழி ஒன்று, கடைசியில் போன வழி வேறு. காரணம் கட்டணம். இறந்தவர் சொத்தை நிர்வகித்துப் பங்கிடும் அரசாங்க நிறுவனமான அமானா ராயா, மாமா நினைப்பதுபோல இலவசம் இல்லை. அதற்காக அது மோசமான தேர்வு என்றும் ஆகிவிடாது. எந்தச் சொத்துக்கு அது மலிவு, எந்தச் சொத்துக்கு அது விலை அதிகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் தீபகற்ப மலேசியாவில், உயில் எழுதாமல் இறந்துபோன முஸ்லிம் அல்லாதவரின் சொத்து பற்றி. சபா, சரவாக்கில் நடைமுறை வேறு. உயில் இருப்பவர்களுக்குப் பின்னால் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

கணக்குப் போடுவதற்கு முன்னால் டின்னுக்குள் இருப்பதைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எல்லாக் கட்டணமும் சொத்து மதிப்பை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் சொத்துக் கணக்கில் சேராததைத் தெரியாமல் சேர்த்துவிட்டால், கட்ட வேண்டாத காசைக் கட்டுவீர்கள்.

இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு அப்பா வாரிசுப் பெயர் கொடுத்திருந்தால் அது நேராக அந்தப் பெயருக்குரியவருக்குப் போய்விடும். முஸ்லிம் அல்லாதவர்கள் விஷயத்தில், பெயர் கொடுக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர். யாருடைய கடிதமும் வேண்டாம், யாருக்கும் சதவீதம் தர வேண்டாம். பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால்தான் சிக்கல். முதலில் 2,500 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு மாதம் கழித்து 17,500 வெள்ளி வரை நெருங்கிய குடும்பத்தாரிடம் கொடுப்பார்கள். அதற்கு மேல் மீதி இருந்தால் அதிகாரப்பூர்வ உத்தரவைக் கேட்பார்கள். அப்போதுதான் அது சொத்துக் கணக்குக்குள் வருகிறது.

காப்புறுதியில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. கணவன், மனைவி, பிள்ளைகளில் ஒருவரின் பெயரைக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளைப் பணமாகிவிடும், சொத்தில் சேராது. பெயர் கொடுத்த நாளில் மனைவியும் பிள்ளையும் உயிரோடு இல்லையென்றால் பெற்றோர் பெயருக்கும் இதே சலுகை. ஆனால் அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே பாலிசி எடுத்து, தம்பி பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே மறந்திருந்தால்? சித்தப்பா அதை வாங்கி வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டியவர் மட்டுமே. பணம் அவருடையது அல்ல; சொத்துக் கணக்கில்தான் சேரும். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் சொல்வது இது. இதை சித்தப்பாவிடம் யார் சொல்வது என்பது வேறு பிரச்சினை.

இப்போது அமானா ராயா.

அரசாங்கமே பொது அறங்காவலராக இருந்து இறந்தவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை 1872இல் சட்டம் போட்டுத் தொடங்கியது நியூசிலாந்து. இங்கிலாந்தில் 1906இல் சட்டம் வந்தது. மலாயாவில் 1921இல் அதற்கென்று அரசாங்கத் துறை அமைந்தது. அந்தத் துறைதான் 1995 ஆகஸ்டில் அமானா ராயா பெர்ஹாட் என்ற நிறுவனமாக மாறியது. முழுக்க நிதியமைச்சின் கையில் இருந்தாலும் அது நிறுவனம்; வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டத்திலும், வாங்கும் கட்டணம் அந்த அலுவலகத்தின் சம்பளத்துக்கும் செலவுக்கும் ஈடாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. வரிப்பணத்தில் ஓடும் சேவையாக இதை யாரும் தொடங்கவே இல்லை. "கவர்மென்ட்தானே" என்ற நம்பிக்கை பிழையாவது இந்த இடத்தில்தான்.

அமானா ராயாவின் சொத்து நிர்வாகக் கட்டணம் படிப்படியாக இறங்கும் சதவீதம். முதல் 25,000 வெள்ளிக்கு 5 விழுக்காடு. அடுத்த 225,000க்கு 4. அதற்கடுத்த 250,000க்கு 3. அதன் பிறகு வரும் 500,000க்கு 2. ஒரு மில்லியனுக்கு மேல் போனால் 1 விழுக்காடு.

படித்தால் சின்ன எண்களாகத்தான் தெரியும். போட்டுப் பாருங்கள். 50,000 வெள்ளி சொத்துக்கு 2,250. 200,000க்கு 8,250. 500,000க்கு 17,750. ஒரு மில்லியனுக்கு 27,750. சொத்து சின்னதாக இருந்தால் சதவீதம் அதிகம், பெரிதானால் குறைவு. சின்னச் சொத்துக்காரர்தான் கூடுதல் விகிதத்தில் கட்டுகிறார். அலுவலகத்தின் பக்கம் இருந்து பார்த்தால் இது நியாயம்தான்: 30,000 வெள்ளிக் கணக்குக்கும் 300,000 வெள்ளிக் கணக்குக்கும் எழுத வேண்டிய கடிதம், சரிபார்க்க வேண்டிய பத்திரம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. விதவையின் பக்கம் இருந்து பார்த்தால் அப்படித் தெரியாது.

அமானா ராயாவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் தனிச் சலுகை ஒன்று உண்டு. வங்கிப் பணம், பங்கு, கார் போன்ற அசையும் சொத்து மட்டும் 600,000 வெள்ளிக்குள் இருந்தால், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அவர்கள் தங்கள் அதிகாரத்தில் நிர்வகித்துப் பங்கிடலாம். 50,000க்குள் என்றால் இன்னும் சுருக்கமான வழி. நீங்கள் ஜாமீன் தேட வேண்டாம். பணமும் முன்கூட்டிப் பெரிதாகக் கையிலிருந்து போகாது. திரட்டிய சொத்திலிருந்தே கட்டணம் கழியும். சாப்பாட்டுக்கே யோசிக்கும் வீட்டில் இந்தக் கடைசி விஷயம் எல்லாவற்றையும்விடப் பெரியது. மூவாயிரம் வெள்ளியை லோயருக்கு முன்பணமாக வைக்க முடியாத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, வீடு இருந்தால்?

இங்கேதான் லேண்ட் ஆபீஸ் வருகிறது. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, வீடோ நிலமோ சேர்ந்திருக்கும் சொத்தின் மொத்த மதிப்பு வரம்புக்குள் இருந்தால், நிலம் இருக்கும் மாவட்டத்தின் பூசாக்கா (இறந்தவர் சொத்து) பிரிவிலேயே மனு கொடுக்கலாம். வரம்பு நீண்ட நாள் இரண்டு மில்லியன் வெள்ளியாக இருந்தது. 2024 ஜூலை 15 முதல் ஐந்து மில்லியன். "சிறு சொத்து" என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம்மில் பெரும்பாலோரின் சொத்து முழுவதும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். வீட்டோடு சேர்த்து வங்கிக் கணக்கு, கார் எல்லாவற்றையும் ஒரே மனுவில் போடலாம். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாடி வீடு இருக்கிறது என்பதற்காக லோயர் வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம்.

கட்டணம்? சொத்து 50,000 வெள்ளியைத் தாண்டினால் மொத்த மதிப்பில் 0.2 விழுக்காடு. அதற்குக் கீழே சில பத்து வெள்ளி.

ஒரு கணக்கு போடுவோம். கிள்ளான் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் அடைந்த ஒரு தெரு வீடு, 350,000 வெள்ளி. வங்கியில் 80,000. பழைய கார், 15,000. இ.பி.எஃப். மனைவி பெயரில் இருப்பதால் கணக்கில் இல்லை. மொத்தம் 445,000.

இதை அப்படியே அமானா ராயாவிடம் ஒப்படைத்தால், முதல் அடுக்குக்கு 1,250, இரண்டாவதுக்கு 9,000, மீதமுள்ள 195,000க்கு 5,850; ஆக 16,100 வெள்ளி. அம்மாவும் பிள்ளைகளும் தாங்களே லேண்ட் ஆபீஸில் மனு கொடுத்தால் 890 வெள்ளி. ஏறக்குறைய பதினெட்டு மடங்கு வித்தியாசம். இன்னொன்றும் இருக்கிறது: உயில் இல்லாத, ஐந்து மில்லியனுக்குள் அடங்கும் வீடு என்பதால் அமானா ராயாவும் அதே பூசாக்கா பிரிவில்தான் போய் நிற்க வேண்டும். நீங்கள் நிற்க வேண்டிய வரிசையில் உங்களுக்குப் பதிலாக நிற்பதற்கு 15,000 வெள்ளிக்கு மேல் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

சிலருக்குக் கொடுக்கலாம். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லேண்ட் ஆபீஸ் மலிவு, ஆனால் சும்மா கிடைப்பதில்லை. மனுப் பாரத்தை நீங்களே நிரப்ப வேண்டும். கிராண்டின் சான்று நகல் எடுக்க வேண்டும். இறப்புப் பத்திரம், பிறப்புப் பத்திரங்கள், திருமணப் பத்திரம், எல்லார் மைகார்டும் சேர்க்க வேண்டும். பிறகு விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். அன்று வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும். வர முடியாதவர் சம்மதத்தை முறைப்படி எழுதி அனுப்ப வேண்டும். ஒரு மகள் லண்டனில், ஒரு மகன் ஜொகூரில், இன்னொருவன் ஐந்து வருடமாக வீட்டோடு பேச்சில்லை என்றால் அந்த ஒரு நாளை அமைப்பதே பெரிய கல்யாண வேலை. நான் போன ஒரு வழக்கில் தாத்தாவின் பெயர் கிராண்டில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. தோட்டத்துக் கிராணி எழுதிக்கொடுத்த பெயர் கிராண்டில், பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் அடையாள அட்டையில். இருவரும் ஒருவரே என்று சத்தியப்பிரமாணம் செய்து கொடுப்பதற்கு மட்டும் மூன்று முறை அலைந்தோம்.

அலைவதற்கு ஆள் இருந்தால், வாரிசுகள் பேசிக்கொள்ளும் நிலையில் இருந்தால், வீடு உள்ள சொத்துக்கு லேண்ட் ஆபீஸ்தான் என்பேன். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. உத்தரவு வந்த பிறகு வீட்டை வாரிசு பெயருக்கு மாற்ற முத்திரைத் தீர்வை வெறும் 10 வெள்ளி. "எனக்குப் பங்கு வேண்டாம், அம்மா பெயருக்கே போகட்டும்" என்று பிள்ளைகள் விட்டுக்கொடுத்தாலும் 2024 ஜனவரி 1 முதல் அதே 10 வெள்ளிதான். மரண வரி 1991 நவம்பரிலேயே ஒழிந்துவிட்டது. அதற்குப் பயந்து கிராண்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பெரியவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

வீடு இல்லாத சொத்துக்குப் படம் தலைகீழாகிறது. அதே குடும்பம் வாடகை வீட்டில் இருந்து, வங்கியில் 80,000, கார் 15,000 மட்டும் என்றால்? நிலம் இல்லாத சொத்தை லேண்ட் ஆபீஸ் எடுக்காது. மிச்சம் இரண்டு வழிதான். அமானா ராயாவுக்கு 95,000க்கு 4,050 வெள்ளி. உயர் நீதிமன்றம் போனால் நீதிமன்றக் கட்டணம் சின்னது. பெரிய செலவு லோயருக்கு. இந்த வேலைக்கு லோயர் கட்டணம் பேசி முடிவு செய்வது. ஆளுக்கு ஆள் வேறுபடும். மூவரிடம் விலை கேட்டபோது எனக்கு மூன்று தொகை கிடைத்தது, ஒன்றும் அமானா ராயாவை ஏளனம் செய்யும் அளவுக்குக் குறைவாக இல்லை. அதோடு, உயில் இல்லாமல் நிர்வாகக் கடிதம் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) வாங்கும்போது சொத்து மதிப்புக்கு ஈடாக இரண்டு ஜாமீன்தாரரை நீதிமன்றம் கேட்கும். விலக்குக் கேட்கலாம், பல நேரம் கிடைக்கும். ஆனால் அதுவும் ஒரு விண்ணப்பம், அதற்கும் ஒரு காசு. இப்படிப்பட்ட சொத்துக்கு, அதிலும் சண்டையில்லாத குடும்பத்துக்கு, அமானா ராயா நல்ல தேர்வு.

ஆனால் தொகை ஏறும்போது மறுபடி யோசியுங்கள். 600,000 வெள்ளி நிரந்தர வைப்பில் இருக்கிறது, வாரிசு மனைவியும் ஒரே மகளும் என்றால் அமானா ராயா கட்டணம் 19,750. அங்கே இருப்பது ஒரே ஒரு வங்கிக் கணக்கு. லோயர் இதைவிட மிகக் குறைவாகச் செய்து கொடுக்க வாய்ப்புண்டு. சதவீதக் கட்டணம் வேலையின் அளவைப் பார்ப்பதில்லை, பணத்தின் அளவை மட்டுமே பார்க்கிறது. ஒரே கணக்கில் கொழுத்த பணம் என்றால் லோயரிடம் விலை கேளுங்கள். ஏழு வங்கியில் சிதறிய சின்னப் பணம், யாரும் தேடிப் பிடிக்காத பங்குகள், பழைய பாலிசிகள் என்றால் அமானா ராயாவிடம் விட்டுவிடுங்கள். அங்கே அவர்கள் வாங்கும் காசுக்கு உண்மையாகவே வேலை இருக்கும்.

உயில் இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்றம்தான் வழி. அங்கே தேர்வு வேறு: உயிலில் யாரை நிறைவேற்றுநராகப் போடுவது? மகனைப் போட்டால் பொதுவாகக் கட்டணம் இல்லை. 1959ஆம் ஆண்டின் சட்டப்படி, நிறைவேற்றுநருக்கு நீதிமன்றம் விரும்பினால் திரட்டிய சொத்தில் அதிகபட்சம் 5 விழுக்காடு வரை அனுமதிக்கலாம். அமானா ராயாவின் முதல் அடுக்கும் அதே 5 என்பது கவனிக்க வேண்டியது. மகன் அப்பாவின் சொத்துக்குக் கமிஷன் கேட்டு மனு போட்டதை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நிறைவேற்றுநராக இருந்த மகனே வீட்டை விற்றுச் சாப்பிட்ட கதைகளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டாம் தாரம், முதல் தாரத்துப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளை, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பக்கச்சார்பில்லாத நிறுவனத்துக்குக் கொடுக்கும் நாலு விழுக்காடு அநியாயம் இல்லை. சின்னப் பிள்ளைகளின் பங்கு வருடக்கணக்கில் நிறுவனத்தின் கையில் இருக்கப்போகிறது என்றால், ஆரம்பக் கட்டணத்தோடு நிறுத்தாமல், அந்தப் பணத்தை வைத்திருக்கும் காலத்துக்கு ஆண்டுதோறும் என்ன எடுப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதோடு, சதவீதம் மொத்த மதிப்புக்கா, கடன் கழித்த பிறகு மிஞ்சுவதற்கா என்ற கேள்வியையும் விடாதீர்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் இந்த ஒரு வார்த்தையில் ஆயிரக்கணக்கில் மாறும்.

ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் வேலை செய்து சி.பி.எஃப். (அந்நாட்டு சேமநிதி) வைத்திருந்தவர் யார் பெயரும் கொடுக்காமல் போய்விட்டால், அந்தப் பணம் சிங்கப்பூரின் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும்; அவர்கள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் வாரிசுக்குத் தருவார்கள். அமானா ராயாவால் அதைத் தொட முடியாது. பெயர் கொடுக்க ஆகும் செலவு ஒரு பாரத்தை நிரப்பும் நேரம்தான்.

கட்டணத்தைப் பேசிக்கொண்டே இருந்து, எல்லாக் கதவிலும் கேட்கப்படும் ஒரு தாளை, திருமணப் பதிவுப் பத்திரத்தை, சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. 1982 மார்ச் 1க்குப் பிறகு கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே முப்பது வருடம் வாழ்ந்த தம்பதிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சடங்கு எவ்வளவு விமரிசையாக நடந்திருந்தாலும் பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அவர் மனைவி இல்லை. பங்கீட்டுச் சட்டம் மனைவிக்குத் தரும் பங்கு அவருக்கு வராது. பதிவு செய்த மனைவிக்கு, பிள்ளைகள் இருந்து மாமனார் மாமியார் இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு. மாமியார் உயிரோடு இருந்தால் நான்கில் ஒன்று, மாமியாருக்கும் நான்கில் ஒன்று, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. அமானா ராயாவோ லேண்ட் ஆபீஸோ லோயரோ, யாரிடம் போனாலும் இந்தக் கணக்கு மாறாது.

போன மாதம் என்னிடம் வந்த ஓர் அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் திருமணப் பத்திரம் இருக்கிறதா என்பதுதான். டின்னின் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், நாலாக மடித்து வைத்திருந்தார். வீடு பந்திங்கில், பிள்ளைகள் இருவரும் ஒரே தாமானில். கோலா லங்காட் லேண்ட் ஆபீஸுக்கு வியாழக்கிழமை போகிறோம்.